வீகன் மாப்பிள்ளைக்குத் தேங்காய் பட்டர்

போன வாரம் எங்கள் வீட்டு மிக்ஸி காலமானது.

வயசாகி, படுத்து, நாலு பேரைப் பார்த்துவிட்டுப் போன சாவு இல்லை. நல்லா இருந்த மிக்ஸி. காலையில் இட்லிக்குச் சட்னி அரைத்துக் கொடுத்தது. மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. காரணம்? தேங்காய் பட்டர்.

தேங்காய்ச் சட்னி தெரியும். தேங்காய் பர்ஃபி தெரியும். தேங்காய் பட்டர் என்று ஒன்று இருப்பது எனக்குப் போன வாரம் வரைக்கும் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்...

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

என் அண்ணனுக்குக் காவாந்தண்டலம் பக்கத்தில் கிராமம். நான் வாக்கப்பட்டது உத்திரமேரூர். நடுவில் ஒரு பஸ் தூரம்தான். அண்ணனைப் பற்றி உங்களுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும் — ஊர்ப் பால் சொசைட்டிக்கு அவர்தான் தலைவர். வாசலில் கறவை மாடுகள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கையில் பால் காபி இருக்கும். 'வேண்டாம்' என்று சொன்னால்? யாரும் சொன்னதில்லை. அதனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

அவருடைய ஒரே மகள் நிவேதா. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கூட வேலை செய்கிற விக்னேஷைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொன்னாள். அண்ணன் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டார். அப்புறம், "சரி, நாய்த்திக்கெழம வந்து பொண்ண பாத்துட்டு போவச் சொல்லு" என்று இறங்கி வந்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை அண்ணனிடமிருந்து போன்.

"பாப்பா..."

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தலைக்கு டை அடிக்கிறேன். அண்ணனுக்கு நான் இன்னமும் பாப்பா.

"பாப்பா, இன்னாமோ தப்பா கீது. மாப்ள பேரு விக்னேசுன்னுதானே சொன்னா? இப்போ கேட்டா வீகன்றா. எதும்மா நெஜப் பேரு?"

வீகன் என்பது பேர் இல்லை, அது ஒரு சாப்பாட்டு முறை என்று சொன்னேன். கறி, மீன் மட்டும் இல்லை — மாட்டிலிருந்து வருகிற எதையும் சாப்பிட மாட்டார்கள்.

"எதையும்னா? பாலு?"

"சாப்பிட மாட்டாங்கண்ணா."

"சரி, மோரு?"

"ம்ஹூம்."

"நெய்யி?"

"அதுவும்தான்."

பின்னாடி ஒரு மாடு கத்துவது மட்டும் கேட்டது.

"அப்போ அவரு எப்பிடிம்மா உயிரோட கீறாரு?"

அண்ணனே தொடர்ந்தார். "இத பாரு. என் வூட்டுக்கு வந்து, என் எதுர்ல குந்திக்கினு, பால் வோணாம்னு சொல்ற ஆளுக்குப் பொண்ணு குடுத்தா நாளைக்கு சொசைட்டில நா எப்பிடி மூஞ்சி காட்றது? வரட்டும். வோணாம்னு ஒரு வார்த்த வாய்லேந்து வரட்டும். அப்பிடியே திருப்பி அனுப்பிடறேன்."

அடுத்த போன் நிவேதாவிடமிருந்து. ஒரே அழுகை. அழுகைக்கு நடுவில் திட்டமும் வைத்திருந்தாள். என் அண்ணன் மகளாச்சே!

"அத்தை, அப்பா எதிர்ல அவர் 'வேணாம்'னு சொல்ற மாதிரி எதுவுமே வரக் கூடாது. தட்டுல வெச்சதெல்லாம் அவர் சாப்ட்டா அப்பா அமைதியாயிடுவாரு. தேங்காய் பட்டர்னு ஒண்ணு இருக்கு அத்தை. நெய்க்குப் பதிலா கேசரில போடலாம், பிரெட்ல தடவலாம். நான் ஆர்டர் போட்டேன், திங்கக்கிழமைதான் வருமாம். நீங்க வீட்லயே பண்ணிடுங்க. ரொம்ப ஈஸி. வீடியோ அனுப்பறேன்."

ரொம்ப ஈஸி. இந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டதுமே நான் போனை வைத்திருக்க வேண்டும்.

வீடியோவில் ஒரு பெண். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சமையலறை, வெள்ளைச் சிரிப்பு. "தேங்காய் மட்டும் போதும். மிக்ஸியில் போட்டு அரையுங்கள். அவ்வளவுதான்!" என்கிறாள். அடுத்த காட்சியிலேயே பாட்டிலில் பட்டர் வழிகிறது. நடுவில் என்ன நடந்தது? அதை வெட்டிவிட்டார்கள். நம் கஷ்டமெல்லாம் அந்த நடுவில்தானே இருக்கிறது!

வெள்ளிக்கிழமை நல்ல முற்றின தேங்காயாக வாங்கி, உடைத்து, துருவி, அரைத்தேன். அரைத்தேன்... அரைத்தேன்... திறந்து பார்த்தால் சட்னி. உப்பு, மிளகாய் போடாத சட்னி. வீடியோவை மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது — அந்தப் பெண் போட்டது காய்ந்த தேங்காய். ஈரம் இருந்தால் பட்டர் ஆகவே ஆகாதாம். இதை அவள் ஒரு மூலையில், பொடி எழுத்தில் சொல்லியிருக்கிறாள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் உப்புமாவுக்குத் தேங்காய்ச் சட்னி. மறுநாள் காலை இட்லிக்கும் மிச்சத்தை அரைத்து அதேதான்.

சனிக்கிழமை கடைக்குப் போய்க் கொப்பரை வாங்கி வந்தேன். அதன் முதுகிலிருந்த பழுப்புத் தோலைச் சீவி எடுத்ததில் இரண்டு விரலில் பிளாஸ்திரி. துருவி, வாணலியில் லேசாகச் சூடு காட்டி, மிக்ஸியில் போட்டேன்.

முதலில் பொடியானது. ஆஹா என்றிருந்தது. பொடி மேலே ஏறி ஜாரின் சுவரில் ஒட்டிக்கொண்டது. நிறுத்தி, வழித்து, மறுபடி ஓட விட்டேன். மறுபடி ஏறியது. மறுபடி வழித்தேன். மிக்ஸி சூடாகித் தானே நின்றுவிட்டது. தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்கினேன். ஓடியது. நின்றது. அமுக்கினேன். ஓடியது. கடைசியில் ஒரு முனகல், ஒரு கருகல் வாசனை, ஜாருக்கும் அடிக்கும் நடுவிலிருந்து மெலிசாகப் புகை... அவ்வளவுதான்.

தேங்காய்? மாவு மாதிரி உட்கார்ந்திருந்தது. பட்டராவதற்கு அதற்கு எந்த அவசரமும் இல்லை.

நான் என்ன செய்ய? மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள். ஜாரிலிருந்து எல்லாவற்றையும் வழித்து ஒரு பாத்திரத்தில் போட்டேன். மூடினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜூஸ் கடை வைத்திருக்கிற கரீம் பாயிடம் ஓடினேன். அவர் கடை மிக்ஸி, ஐஸ் கட்டியையே அலறவிட்டு அரைக்கிற ஜாதி.

"இன்னாக்கா, மூஞ்சே சரியில்ல? மிக்ஸி பூட்ச்சா?"

"எப்படி பாய் கண்டுபிடிச்சீங்க?"

"வாசன வருதுக்கா உங்க மேல."

விஷயத்தைச் சொன்னேன். பாய் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "தேங்காய வெண்ணெயாக்கி, அத்த மாப்ளக்கி குடுத்து, மாப்ள சாப்ட்டா கல்யாணம். சாப்புடலன்னா?"

"கல்யாணம் இல்லை பாய்."

"அரே! அப்போ இது பெரிய பேஜாராச்சே. குடுங்க இப்பிடி."

சப்போட்டா ஜூஸுக்குக் காத்திருந்தவர்களை ஓரம் கட்டிவிட்டு என் கொப்பரையைப் போட்டார். கடையே அதிர்ந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு வந்து சுற்றி நின்றார்கள். பாய் நிறுத்துவார், வழிப்பார், ஓட விடுவார். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. 'சரி, இந்தச் சம்பந்தம் நமக்குக் கொடுத்துவைக்கவில்லை' என்று நான் மனசைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

திடீரென்று மிக்ஸியின் சத்தம் மாறியது. கரகரவென்று இருந்தது வழவழவென்று ஆனது. மூடியைத் திறந்தால்... கொப்பரை தன் எண்ணெயைத் தானே விட்டு, இளகி, வெள்ளை வெளேரென்று வழிகிறது!

கைதட்டினார்கள். நிஜமாகவே. அதோடு விட்டார்களா? ஆளுக்கு ஒரு விரல். ஒருத்தர், "இன்னா நைனா இது, சுண்ணாம்பு மாரி கீது, தித்திக்குது" என்றார். ஒரு அம்மா வாயில் வைக்கவில்லை. முழங்கையில் தடவிப் பார்த்துவிட்டு, "வெடிப்புக்கு நல்லா கேக்கும்" என்றார். பாதி பட்டர் பஸ் ஸ்டாண்டிலேயே செலவானது. மிச்சத்தை அகல வாயுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றிக்கொண்டேன். கேசரிக்கென்று கொஞ்சம் ஒரு சின்ன டிபன் பாக்ஸில் தனியாக.

"கல்யாணச் சாப்பாட்டுக்குக் கூப்டணுங்க்கா" என்றார் பாய்.

ஞாயிறு காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். நம்ம ஊர் வெயிலுக்குப் பட்டர் எண்ணெயாக ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே பிரெட்டில் தடவினால் பிரெட் குளித்துவிடும் என்று அண்ணி ஃப்ரிட்ஜில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் கல். ஸ்பூனை விட்டேன், ஸ்பூன் வளைந்தது.

"இன்னா இது, வெண்ணெயா, பாறாங்கல்லா?" என்ற அண்ணி, தேங்காய் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணியைத் தடுத்து, டப்பாவின் மூடியைத் திறந்து, வாசல் பக்கம் குட்டிச்சுவர் மேல் வெயிலில் வைத்தேன். 'சுடுதண்ணியில் வைத்திருக்கலாமே' என்று இப்போது யோசிக்கிறீர்கள் இல்லையா? உங்களைத்தான் அன்றைக்குத் தேடினேன்.

உள்ளே போய் ரவையை வறுத்தோம். திரும்பி வந்து பார்த்தால் டப்பா கீழே. அதற்குள் ராணியின் மூக்கு. ராணி என்பது அண்ணனின் செல்ல மாடு. கயிறு எட்டாது என்று நினைத்தேன். கயிறு எட்டவில்லைதான். நாக்கு எட்டிவிட்டது. டப்பாவைத் துடைத்து வைத்திருந்தாள். முகமெல்லாம் எண்ணெய்ப் பளபளப்பு. பெண் பார்க்க வந்தால் முதலில் ராணியைத்தான் பிடிக்கும் — அப்படி ஒரு களை!

சத்தம் கேட்டு அண்ணன் ஓடி வந்தார். "இன்னா துன்னுச்சி அது?"

"தேங்காய் வெண்ணெய் அண்ணா. மாப்பிள்ளைக்கு."

அண்ணன் மாட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தேங்காய அரச்சி மாட்டுக்கு வெச்சா அது புண்ணாக்குதானேம்மா! பொண்ணு பாக்க வர்ற ஆளுக்குப் புண்ணாக்கா போட பாத்த?"

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே நிவேதா அழுதாள். வாசலில் கார் வந்து நின்றது.

விக்னேஷும் அவர் அம்மாவும் இறங்கினார்கள். ஒல்லியான பையன். இஸ்திரி கலையாத சட்டை. மாடுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் பக்கத்தில் போகவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். அண்ணன் எதிரே உட்கார்ந்தார், கோர்ட்டில் உட்கார்வது மாதிரி.

நல்லவேளை, டிபன் பாக்ஸ் இருந்தது. அதில் இருந்ததை எல்லாம் போட்டு மாப்பிள்ளைக்கு மட்டும் தனியாகக் கேசரி கிளறினேன். மற்றவர்களுக்கு நெய்க் கேசரி. பால் காபி வருவதற்கு முன்னாலேயே பெரிய டம்ளரில் பால் இல்லாத காபியை விக்னேஷ் கையில் திணித்தேன். அண்ணன் எதுவும் கேட்பதற்குள் கேசரித் தட்டை நீட்டினேன்.

ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். மென்றார். கண் கலங்கியது.

எனக்கும் கலங்கியது. 'பாசம்! நமக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்களே என்று நினைக்கிறான்' என்று நெஞ்சு நிறைந்துபோய் இன்னும் இரண்டு கரண்டி வைத்தேன். தலையை ஆட்டினார். பேசவில்லை. வாய் நிறைய கேசரி இருந்தது.

"மாடுங்கள பாத்துட்டு வரலாமா அங்கிள்?" என்று தட்டோடு எழுந்தார். அண்ணனுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். "போ, நா பின்னால வரேன்" என்றார்.

இந்தப் பக்கம் விக்னேஷின் அம்மா மெதுவாக அடுப்படிக்கு வந்தார். அண்ணியின் காதருகே குனிந்து, "நெய்க் கேசரி இன்னும் கொஞ்சம் கிடைக்குமாங்க? எங்க வீட்ல நெய்யைக் கண்ணால பாத்தே ரொம்ப நாளாச்சு. கடையில வாங்கி வெச்சா, அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். சும்மா பாப்பான். அந்தப் பார்வைதான் தாங்க முடியாது" என்றார். அண்ணி கிண்ணம் நிறைய அள்ளி வைத்து, மேலே ஒரு கரண்டி நெய்யும் விட்டார். அந்த நிமிஷத்தில் இரண்டு பேரும் சம்பந்தி ஆகிவிட்டார்கள். மற்றதெல்லாம் ஆம்பளைகள் பேசிக்கொள்ள வேண்டியது.

கேசரி கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆசையாகச் சாப்பிட்ட பிள்ளையாச்சே என்று அதையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

விக்னேஷ் தட்டைத் தூரத்திலிருந்து கையை நீட்டிப் பிடித்திருக்கிறார். ராணி கேசரியை வழித்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் அண்ணன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். விக்னேஷ் திரும்பினார். மூன்று பேரும் சிலை. ராணி மட்டும் நிறுத்தவில்லை.

"சாரி அங்கிள்... சாரி ஆன்ட்டி." என்றார் விக்னேஷ். "எனக்குத் தேங்காய் வாசனை சின்ன வயசுலேருந்தே ஒத்துக்காது. குமட்டும். ஆன்ட்டி ஆசையா பண்ணிக் குடுத்தாங்க, வேணாம்னு சொல்ல மனசு வரலை."

கையிலிருந்த மிச்சக் கேசரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

அண்ணன் கேட்டார். "பால் வோணாம்னு ஊருக்கே சொல்லிக்கினு கீற. தேங்காய மட்டும் ஏன் சொல்லல?"

"பால் விஷயம் நான் நம்பறது அங்கிள். அதை யார் கேட்டாலும் சொல்லித்தான் ஆகணும். தேங்காய் வெறும் பிடிக்காததுதானே? எனக்குப் பிடிக்கலைன்றதுக்காக ஒருத்தங்க மனசைக் கஷ்டப்படுத்தலாமா?"

"அப்போ இப்ப நா பால் குடுத்தா?"

"குடிக்க மாட்டேன் அங்கிள்."

"என் மனசு கஷ்டப்படுமேப்பா."

"படும் அங்கிள். தெரியும். ஆனா குடிக்க மாட்டேன்."

'முடிஞ்சுது' என்று நினைத்தேன். அந்த 'வோணாம்' வந்தேவிட்டது. நிவேதாவிடம் போய் என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "குந்து. எதுக்குக் குடிக்க மாட்ட? சொல்லு."

சொன்னார் பையன். கன்றுக்குப் போக வேண்டிய பால் அது என்றார். அண்ணன் குதித்தார் — "கன்னுக்கு உடாமயா நாங்க கறக்கறோம்? இங்க வா, அந்தக் கன்னுக்குட்டி வவுத்த பாரு!" அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல... உள்ளே வெற்றிலைத் தட்டோடு எல்லோரும் காத்திருக்க, கொட்டகையில் குரல் ஏறிக்கொண்டே போனது. நிவேதா ஜன்னலோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ரொம்ப நேரம் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். விக்னேஷின் சட்டைக் கை நனைந்திருந்தது. ராணி நக்கியிருக்கிறாள். அண்ணன் முகம் சிவந்திருந்தது. நடுக்கூடத்தில் நின்று சொன்னார்.

"தேதி பாத்துடலாம்."

எல்லோருக்கும் திகைப்பு. என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "சொசைட்டில நா இன்னா சொன்னாலும் ஆமாண்ணே, ஆமாண்ணேன்றானுங்க பாப்பா. இவன் ஒருத்தன்தான் மூஞ்சிக்கி நேரா எதுத்துப் பேசறான். அதுவும் மருவாதியா பேசறான். புட்ச்சிப்பூட்ச்சி எனுக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அவன் சொல்றது தப்பு. அது வேற. கல்யாணத்துக்குள்ள பேசிச் சரி பண்ணிடுவேன்" என்றார். விக்னேஷும் அண்ணனைப் பற்றி நிவேதாவிடம் இதையேதான் சொன்னாராம்.

கல்யாணத்தில் பாலும் பழமும் கொடுக்கும்போது என்ன செய்வது என்று அண்ணி மட்டும் கவலையோடு கேட்டார். "தேங்காப் பால்..." என்று ஆரம்பித்த நான் பாதியில் வாயை மூடிக்கொண்டேன். பழம் மட்டும் என்று முடிவானது.

அவர்கள் கிளம்பிப் போனதும் நிவேதாவைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, அத்தனை நாளா பழகறீங்க. அவருக்குத் தேங்காய் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "காபி ஷாப்புல தேங்காய் எங்க அத்தை வரும்?"

அதுவும் சரிதான். காபி ஷாப்பில் தெரியாத மிச்சத்தைத் தெரிந்துகொள்ளத்தானே கல்யாணம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்!